பீகிள்போன் பிளாக்கில் எல்இடி ட்ரைவர்: கெர்னல் அமைப்பு முதல் பேனிக் விளக்கு வரை

உட்பொதி லினக்ஸில் ஓர் எல்இடி எரியவில்லை என்றால் பழி முதலில் ட்ரைவர் மேல் விழுகிறது. பெரும்பாலும் அது நிரபராதி. கோளாறு இருப்பது ப்ராசசர் முனையின் மோடில் (அந்த முனைக்குத் தந்த வேலை), அல்லது திசைக் கொடியில் (1-இல் எரியுமா 0-இல் எரியுமா என்ற குறிப்பு), அல்லது மெமரி கார்டில் இன்னும் கிடக்கும் பழைய டிவைஸ் ட்ரீ கோப்பில் (போர்டில் எது எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு). அதனால் இந்தப் பதிவு கம்பியில் தொடங்கி மேலே ஏறுகிறது. ஒரு படி சரி என்று தெரியாமல் அடுத்ததைத் தொட வேண்டாம்.

கட்டளைகள், கோப்புப் பெயர்கள், அமைப்புப் பெயர்கள் எல்லாம் இங்கே தமிழ் ஒலிப்பில் இருக்கின்றன. தட்டும்போது வழக்கமான எழுத்துருவில்தான் தட்ட வேண்டும்.

இலக்கு நான்கு விளக்குகள். பச்சை, போர்டு உயிரோடு இருக்கிறது என்று காட்ட. சிவப்பு, கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) விழுந்தால், அதாவது பேனிக் ஆனால், அலற. வெள்ளை, மங்கலும் வெளிச்சமும் கூட்டிக் குறைக்க. நான்காவது, ஐ2சி (இரண்டு கம்பித் தொடர்பு) சிப் வழியாக ஒரு மூவண்ண எல்இடி. போர்டு பீகிள்போன் பிளாக், மென்பொருள் பில்ட்ரூட்டின் (உட்பொதி லினக்ஸைக் கட்டித் தரும் கருவி) பீகிள்போன் டெஃப்கான்ஃபிக், அதாவது ஆயத்த அமைப்பு.

கம்பி வேலை

வேண்டியவை: 470 ஓம் 2, 120 ஓம் 1, 2.2 கிலோ ஓம் 1, 220 ஓம் 1, 150 ஓம் 2, 2என்3904 போன்ற ஓர் என்பிஎன் ட்ரான்சிஸ்டர், பிசிஏ9633 சிப்பின் 8 கால் வகை, ஒரு மல்டிமீட்டர். எல்இடி 4. மூவண்ண எல்இடி பொது ஆனோடு வகையாக இருக்க வேண்டும்.

ஏஎம்335எக்ஸ் ப்ராசசரின் முனைகள் வலுவானவை அல்ல. ஒரு முனையில் 4 மில்லி ஆம்பியருக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. பச்சை எல்இடி பி9-12 முனையிலிருந்து (போர்டின் பி8, பி9 என்ற இரு இணைப்பு வரிசைகளில் பி9-இன் 12-ஆவது முனை) 470 ஓம் வழியாக கிரவுண்டுக்குப் போகிறது. பழைய வகைப் பச்சைக்கு முன்னோக்கு மின்னழுத்தம் 2.1 வோல்ட் என்று வைத்தால் 3.3-இல் மீதி 1.2 வோல்ட், மின்னோட்டம் சுமார் 2.5 மில்லி ஆம்பியர். இண்டிகேட்டருக்கு இதுவே தாராளம். புதுவகைத் தூய பச்சைக்கு 2.9 வோல்ட் வேண்டும். அதே மின்தடையில் 1 மில்லி ஆம்பியர்கூட ஓடாது, ஆனாலும் கண்ணுக்குத் தெரியும்.

சிவப்பை வேண்டுமென்றே தலைகீழாக இணைக்கிறோம். ஆனோடு 470 ஓம் வழியாக பி9-3 முனையின் 3.3 வோல்ட்டில், கேதோடு பி9-23 முனையில். முனை 0 ஆனால் எரியும், 1 ஆனால் அணையும். மின்னோட்டம் சுமார் 3.2 மில்லி ஆம்பியர். ஆனோடை 5 வோல்ட்டில் மாட்டிவிட வேண்டாம். முனை 3.3-க்கு உயர்ந்தாலும் எல்இடியின் குறுக்கே 1.7 வோல்ட் நிற்கும், முழுதாக அணையாது. அதைவிட மோசம், இந்த ப்ராசசரின் முனைகள் 5 வோல்ட்டைத் தாங்காதவை. தனி 3.3 வோல்ட் சப்ளையும் கூடாது. போர்டு அணைந்திருக்கும்போது எல்இடி வழியாக ப்ராசசருக்குள் மின்சாரம் கசியும். பி9-3, பி9-4 முனைகளின் 3.3 வோல்ட் போர்டோடு சேர்ந்தே எழுந்து சேர்ந்தே விழுவதால் அந்தத் தொல்லை இல்லை.

வெள்ளைக்கு 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், அதனால் ட்ரான்சிஸ்டர். பி9-7 முனையின் 5 வோல்ட், அடுத்து 120 ஓம், எல்இடி, கலெக்டர். எமிட்டர் கிரவுண்டுக்கு. பேஸ், 2.2 கிலோ ஓம் வழியாக பி9-14 முனைக்கு. எல்இடியில் சுமார் 15 மில்லி ஆம்பியர், பேஸில் 1.2. இந்த விகிதத்தில் ட்ரான்சிஸ்டர் முழுதாகத் திறந்து நிற்கும், சூடாகாது. பி9-5, பி9-6 முனைகளிலும் 5 வோல்ட் உண்டு. ஆனால் அது பவர் ஜாக்கில் அடாப்டர் செருகியிருந்தால் மட்டுமே வரும். யூஎஸ்பியில் ஓடும்போது அங்கே மாட்டிய விளக்கு எரியாது. எரியாத விளக்குக்கு ட்ரைவரில் காரணம் தேடி ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

முனை தேர்வில் ஒரு கண்ணிவெடி உண்டு. பி8-31 முதல் பி8-46 வரை உள்ள முனைகள் பூட் ஆகும் கணத்தில் எங்கிருந்து பூட் செய்வது என்பதைச் சொல்லும் முனைகள். போர்டில் அவற்றைப் பிடித்து வைத்திருப்பவை பெரிய மதிப்புள்ள மின்தடைகள். அங்கே எல்இடி மாட்டினால் உயர வேண்டிய முனை எல்இடியின் 1.8 வோல்ட்டிலேயே சிக்கிக்கொள்ளும். அதை ப்ராசசர் 0 என்று படிக்குமா 1 என்று படிக்குமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். எல்இடி மாட்டியதும் போர்டு பூட் ஆகவே இல்லை என்றால் முதல் சந்தேகம் இதுதான்.

கெர்னல் அமைப்பு

'மேக் லினக்ஸ்-மெனுகான்ஃபிக்' கொடுத்து டிவைஸ் ட்ரைவர்ஸ் பட்டியலில் எல்இடி சப்போர்ட் பகுதிக்குப் போக வேண்டும். உள்ளே தேவைப்படுபவை: நியூ_லெட்ஸ், லெட்ஸ்_கிளாஸ், லெட்ஸ்_ஜிபிஐஓ, லெட்ஸ்_பிடபிள்யூஎம், லெட்ஸ்_பிசிஏ963எக்ஸ், லெட்ஸ்_ட்ரிக்கர்ஸ். ட்ரிக்கர்களில் (விளக்கைத் தானாக எரித்து அணைக்கும் கெர்னல் பகுதிகள்) டைமர், ஹார்ட்பீட், டிஃபால்ட்-ஆன், பேட்டர்ன், பேனிக், நெட்டெவ். எல்இடி பகுதிக்கு வெளியே பிடபிள்யூஎம் (வேகமாக எரித்து அணைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை) பிரிவில் பிடபிள்யூஎம்_டிஐஇஎச்ஆர்பிடபிள்யூஎம் வேண்டும். இதை மறந்தால் வெள்ளை விளக்கு மட்டும் தலைகாட்டாது.

உள்ளிணைப்பா (கெர்னலுக்குள்ளேயே இருப்பது) மாட்யூலா (பிறகு ஏற்றும் தனிக் கோப்பு) என்ற கேள்விக்கு, முதல் இரண்டு விளக்குகளைப் பொறுத்தவரை எங்கள் தீர்ப்பு உள்ளிணைப்பு. லெட்ஸ்_கிளாஸ் மாட்யூலாக இருந்தால் லெட்ஸ்_ஜிபிஐஓவும் மாட்யூலாக மட்டுமே இருக்க முடியும். இரண்டும் ரூட் கோப்பு முறைமை ஏறிய பிறகுதான் வரும். அதற்கு முன்னால் நடக்கும் கோளாறுகளை எந்த விளக்கும் காட்டாது. உயிர்த்துடிப்பு விளக்கு அதிகம் பயன்படுவதே அந்தச் சில நொடிகளில்தான்.

மெனுகான்ஃபிக் மாற்றங்களை அவுட்புட்/பில்ட் அடைவுக்குள் இருக்கும் கோப்பில்தான் எழுதுகிறது. 'மேக் கிளீன்' கொடுத்தால் அத்தனையும் போய்விடும். தனி கெர்னல் கான்ஃபிக் கோப்பை அமைத்துக்கொண்டு 'மேக் லினக்ஸ்-அப்டேட்-டெஃப்கான்ஃபிக்' ஓட்ட வேண்டும், அல்லது மாற்றங்களை ஒரு துணுக்குக் கோப்பாக எழுதி வைக்க வேண்டும். டிவைஸ் ட்ரீ மூலக்கோப்பை அந்த அடைவுக்குள்ளேயே திருத்தினாலும் கதி அதேதான்.

அமைப்பில் ஐகேகான்ஃபிக்_ப்ராக் சேர்த்திருந்தால் ஓடும் கெர்னலிடமே கேட்டுவிடலாம்: 'இசட்கேட் /ப்ராக்/கான்ஃபிக்.ஜிஇசட்', அதைக் க்ரெப்பில் லெட்ஸ் என்று வடிகட்ட வேண்டும். மெனுவில் தேர்ந்தெடுத்த ஒன்று இங்கே காணவில்லை என்றால், அது சார்ந்திருக்கும் வேறொன்று தேர்வாகவில்லை. அல்லது கார்டில் இருப்பது பழைய கெர்னல்.

முனையின் மோடு

பாதிச் சிக்கல்கள் கிடப்பது இங்கேதான், எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஏஎம்335எக்ஸில் ஒவ்வொரு முனைக்கும் 0 முதல் 7 வரை மோடுகள். ஜிபிஐஓ (0, 1 என்று நாமே மாற்றும் பொது முனை) ஆக வேண்டுமானால் மோடு 7. ஜிபிஐஓ ட்ரைவர் ஒரு முனையைக் கேட்டு வாங்கும்போது மோடும் தானாக மாறிவிடும் என்று நினைத்துக்கொள்வது இயல்பு. இந்த ப்ராசசரில் அப்படி மாறாது. டிவைஸ் ட்ரீயில் பின்கண்ட்ரோல் பகுதியில் எழுதினால்தான் மாறும். எழுதாமல் விட்டால் சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் காட்டும் /சிஸ் அடைவு) பிரைட்னஸ் 1 என்று இருக்கும், ப்ராசசரின் பதிவேட்டிலும் (ரெஜிஸ்டர்) கெர்னல் 1 எழுதியிருக்கும், முனையில் மட்டும் அசைவே இருக்காது. எந்தப் பிழைச் செய்தியும் வராது.

இதைவிடக் குழப்பமானது, எழுதாமல் விட்டும் வேலை செய்வது. பல முனைகள் ரீசெட்டின்போதே மோடு 7-இல் இருப்பவை, ஆகவே தற்செயலாக எரியும். பிறகு ஒரு நாள் பூட்லோடரோ (கெர்னலை ஏற்றும் நிரல்) டிவைஸ் ட்ரீயின் இன்னொரு நோடோ (ஒரு சாதனத்துக்கான பகுதி) அந்த முனையைத் தொட்டதும் எல்இடி செத்துப்போகும். நேற்று ஓடியதே என்ற வாதம் இங்கே செல்லாது.

நம் முனைகளின் கணக்கு இது. பி9-12 என்பது ஜிபிஐஓ1 வங்கியின் 28-ஆவது லைன், பேட் பதிவேடு (முனையின் மோடு எழுதும் இடம்) ஹெக்ஸ் (16-அடிமான எண்) 878, மோடு 7. பி9-23 என்பது ஜிபிஐஓ1-இன் 17-ஆவது லைன், ஹெக்ஸ் 844, மோடு 7. பி9-14 பிடபிள்யூஎம் 1-இன் ஏ வெளியீடு, ஹெக்ஸ் 848, மோடு 6. ஐ2சி பஸ் 2-க்கு பி9-19 கடிகார லைன், பி9-20 தரவு லைன், இரண்டுக்கும் மோடு 3. பீகிள்போனின் பொது டிவைஸ் ட்ரீயில் ஐ2சி பஸ் 2 ஏற்கெனவே அமைந்திருக்கும், மறுபடி எழுதத் தேவையில்லை.

பின்கண்ட்ரோல் எழுதினால் மட்டும் போதாது, எல்இடி நோடில் பின்கண்ட்ரோல்-0, பின்கண்ட்ரோல்-நேம்ஸ் இரண்டும் இருக்க வேண்டும். நேம்ஸின் மதிப்பு டிஃபால்ட். இதை விட்டுவிட்டால் எழுதிய பின்கண்ட்ரோல் பகுதியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சரிபார்க்க: டீபக்எஃப்எஸ்ஸை (கெர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்பு முறைமை) மவுண்ட் செய்து /சிஸ்/கெர்னல்/டீபக்/பின்கண்ட்ரோல் அடைவில் பின்மக்ஸ் நோடின் கீழ் 'பின்ஸ்' கோப்பைப் படிக்க வேண்டும். அங்கே பேட் முகவரிக்குப் பதில் வரிசை எண் இருக்கும். ஹெக்ஸ் 800-ஐக் கழித்து 4-ஆல் வகுத்தால் வரும் எண் அது. 878-க்கு 30, 844-க்கு 17, 848-க்கு 18. அந்த வரியில் தெரியும் மதிப்பின் கடைசி மூன்று பிட்கள்தான் மோடு. புல்-டவுனுடன் கூடிய வெளியீடு, மோடு 7 என்றால் மதிப்பு 7 என்றே தெரியும். பிடபிள்யூஎம் முனைக்கு 6.

டெபியன் இமேஜில் முயல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கேப் யுனிவர்சல் என்ற ஓவர்லே (டிவைஸ் ட்ரீயின் மேல் சேரும் துணுக்கு) எல்லா முனைகளையும் முன்கூட்டியே பிடித்து வைத்திருக்கும். 'பின்30 ஏற்கெனவே பி9-12 பின்மக்ஸால் கேட்கப்பட்டது' என்ற பொருளில் டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவு) ஒரு வரி வந்து எல்இடி ட்ரைவர் தோற்கும். /பூட் அடைவின் யூஎன்வி கோப்பில் கேப் யுனிவர்சலை இயக்கும் வரிக்கு முன்னால் # போட்டு மறுதொடக்கம் செய்தால் தீர்ந்தது.

டிவைஸ் ட்ரீ

6.5 முதல் கெர்னலில் இந்தக் கோப்புகள் ஏஆர்எம் டிடிஎஸ் அடைவுக்குள் டிஐ/ஓமேப் என்ற துணை அடைவுக்கு மாறிவிட்டன. பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது.

ரூட்டின் கீழ் ஒரு நோடு, கம்பாட்டிபிள் (எந்த ட்ரைவருக்கு என்று சொல்லும் பண்பு) மதிப்பு 'ஜிபிஐஓ-லெட்ஸ்'. அதனுள் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சேய் நோடு. பச்சைக்கு ஜிபிஐஓஸ் பண்பில் ஜிபிஐஓ1, 28, ஆக்டிவ்_ஹை. ஃபங்ஷன் ஸ்டேட்டஸ், கலர் கிரீன், லினக்ஸ்-டிஃபால்ட்-ட்ரிக்கர் ஹார்ட்பீட். சிவப்புக்கு ஜிபிஐஓ1, 17, ஆக்டிவ்_லோ. ஃபங்ஷன் ஃபால்ட், கலர் ரெட், டிஃபால்ட்-ஸ்டேட் ஆஃப், அதோடு மதிப்பே இல்லாத பேனிக்-இண்டிகேட்டர் பண்பு. பழைய எடுத்துக்காட்டுகளில் லேபிள் என்ற பண்பு தென்படும். இன்னும் வேலை செய்கிறது, ஆனால் புதிதாக எழுதும்போது ஃபங்ஷன், கலர் இரண்டுமே முறை. அவற்றிலிருந்து 'கிரீன்:ஸ்டேட்டஸ்' என்று கெர்னலே பெயர் வைத்துவிடும். ஒரே நிறமும் ஒரே வேலையும் உள்ள இரண்டு இருந்தால் ஃபங்ஷன்-எண்யூமரேட்டர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவதன் வாலில் _1 ஒட்டிக்கொள்ளும். எது எந்த எண் வாங்குகிறது என்பதை நம்பி நிரல் எழுதக் கூடாது.

ஒரு ஜிபிஐஓ-லெட்ஸ் நோடில் ஒரே ஒரு சேய் தோற்றாலும் ட்ரைவர் மொத்த நோடையும் கைவிட்டுவிடும். பத்து விளக்கில் ஒன்றின் முனையை வேறு யாரோ பிடித்திருந்தால் பத்தும் காணாமல் போகும். டிமெசேஜில் -16 என்று வந்தால் இதுதான் பொருள், முனை ஏற்கெனவே கைமாறியிருக்கிறது. எது என்று தெரியாவிட்டால் ஆளுக்கொரு நோடாகப் பிரித்து எழுதிப் பார்த்தால் குற்றவாளி தனியே நிற்கும். -517 வந்தால் பயப்பட வேண்டாம். சார்ந்திருக்கும் ட்ரைவர் இன்னும் வரவில்லை, பிறகு முயல்வேன் என்கிறது கெர்னல். நிமிடங்கள் கழிந்தும் வராவிட்டால் டீபக் அடைவின் டிவைசஸ்_டிஃபர்டு கோப்பில் பெயர் இருக்கும். பெரும்பாலும் அந்த ட்ரைவரை கெர்னலில் சேர்க்கவே இல்லை என்பது வெளிப்படும்.

'மேக் லினக்ஸ்-ரீபில்ட் ஆல்' முடிந்ததும் புதிய டிடிபி (தொகுத்த டிவைஸ் ட்ரீ) கோப்பு அவுட்புட்/இமேஜஸ் அடைவில் இருக்கும். அதை கார்டின் முதல் பார்ட்டிஷனுக்குப் படியெடுக்க வேண்டும். பூட் ஆனதும் வேறெதையும் பார்க்கும் முன் /ப்ராக்/டிவைஸ்-ட்ரீ அடைவில் நம் நோடின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஓடுவது பழைய டிடிபி. பீகிள்போனில் கார்டுக்குப் பதில் உள்ளே இருக்கும் இஎம்எம்சி நினைவகத்திலிருந்து பூட் ஆகியிருக்கவும் வாய்ப்புண்டு.

முதல் சோதனை

/சிஸ்/கிளாஸ்/லெட்ஸ் அடைவில் கிரீன்:ஸ்டேட்டஸ், ரெட்:ஃபால்ட் இரண்டும் தெரிய வேண்டும். போர்டிலேயே இருக்கும் நான்கு நீல விளக்குகளும் அங்கேதான் இருக்கும். அவை ஜிபிஐஓ1-இன் 21 முதல் 24 வரை.

திசை சரியா என்று பார்க்க டைமர் ட்ரிக்கரைப் பயன்படுத்தாதீர்கள். அது பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணையும், தலைகீழாக இருந்தாலும் பார்வைக்கு அதேதான். ஹார்ட்பீட் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சரியான திசையில் விளக்கு பெரும்பாலும் இருட்டாக இருந்து, 70 மில்லி நொடி வீதம் இரண்டு முறை பளிச்சிடும். திசை தவறென்றால் எரிந்துகொண்டே இருந்து இரண்டு முறை கண் சிமிட்டும். அப்படியானால் கம்பியைத் தொட வேண்டாம், ஆக்டிவ்_லோ கொடியை மாற்றினால் போதும். டீபக் அடைவின் ஜிபிஐஓ கோப்பில் அந்த வரியின் கடைசியில் ஆக்டிவ் லோ என்று தெரிவதையும் சரிபார்க்கலாம்.

ஹார்ட்பீட் வெறும் அலங்காரமல்ல. ஒரு நிமிட லோடு சராசரிக்கு ஏற்ப அதன் சுற்று நேரம் சுருங்கும். லோடு 0 என்றால் 1260 மில்லி நொடி, 1 என்றால் 860, 5 என்றால் 510. சீரியல் கன்சோல் இல்லாத இடத்தில் போர்டு திணறுகிறதா என்று விளக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

எரியவே இல்லையென்றால் ட்ரிக்கரில் 'நன்' (எதுவும் வேண்டாம்) என்று எழுதி, பிரைட்னஸில் 1 எழுதி, முனையை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். பச்சையின் முனையில் 3.3 வோல்ட் வந்தும் விளக்கு எரியாவிட்டால் எல்இடி திரும்பி மாட்டியிருக்கிறது. 0 வோல்ட் என்றால் மீண்டும் மோடு பகுதிக்கு. ஜிபிஐஓசெட் கருவியால் சோதிக்க நினைத்தால் இரண்டு விஷயம். எல்இடி ட்ரைவர் பிடித்திருக்கும் முனையை அது தொட முடியாது, பிஸி என்று திரும்பும். அடுத்தது, ஜிபிஐஓசிப்0 என்ற பெயர் ஜிபிஐஓ0 வங்கிதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்த எண் ட்ரைவர் ஏறிய வரிசை. புதிய கெர்னல்களில் இந்த போர்டில் வரிசை இடம் மாறிவிடுகிறது. /சிஸ்/பஸ்/ஜிபிஐஓ/டிவைசஸ் அடைவில் அந்தச் சிப்பின் இணைப்பு எங்கே போகிறது என்று பார்த்தால் 4804சி000 என்ற முகவரி தெரிவதுதான் ஜிபிஐஓ1.

ட்ரிக்கரின் குணங்கள்

ட்ரிக்கர் கோப்பைப் படித்தால் இருக்கும் ட்ரிக்கர்கள் எல்லாம் வரிசையாக வரும், இப்போது இயங்குவது சதுர அடைப்புக்குள் இருக்கும். டிவைஸ் ட்ரீயில் குறிப்பிட்ட ட்ரிக்கர் மாட்யூலாக இருந்தால் அது ஏறும் வரை விளக்கு சும்மா இருக்கும். ஏறியதும் தானாக ஒட்டிக்கொள்ளும்.

நிரல் எழுதுபவர்களைக் கடிக்கும் இடம் ஒன்று உண்டு. ட்ரிக்கர் ஓடும்போது பிரைட்னஸில் 0 எழுதினால் ட்ரிக்கரே கழன்றுவிடும். பிறகு 1 எழுதினால் விளக்கு நிலையாக எரியுமே தவிர சிமிட்டாது. சிமிட்டலைச் சற்று நிறுத்தித் தொடர நினைக்கும் நிரல், ட்ரிக்கரையும் நேரங்களையும் மறுபடி எழுத வேண்டும்.

டைமரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் டிலே_ஆன், டிலே_ஆஃப் கோப்புகள் பிறக்கும், இரண்டிலும் 500 என்று இருக்கும். அவை பிறக்கும்போதே ரூட் பயனருக்குச் சொந்தம். யூடெவ் (சாதனக் கோப்புகளின் உரிமையை அமைக்கும் சேவை) விதியால் ட்ரிக்கர் கோப்பைப் பொதுவாக்கியிருந்தாலும் சாதாரணப் பயனர் நேரத்தை மாற்ற முடியாமல் போவது இதனால்தான். டைமரை நிரந்தரமாக வைத்துவிட்டுத் தொடக்க ஸ்கிரிப்டில் உரிமையை மாற்றுவதே எளிய வழி.

ஈத்தர்நெட்டுக்கு நெட்டெவ் ட்ரிக்கரை எழுதி, டிவைஸ்_நேமில் ஈத்0, லிங்க், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மூன்றிலும் 1. கேபிள் இருந்தால் எரியும், பாக்கெட் ஓடினால் துடிக்கும். இதற்கெல்லாம் நிரல் எழுதி 100 மில்லி நொடிக்கு ஒரு முறை எண்ணிக்கையைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். கெர்னலிலேயே இருக்கும்போது அந்த உழைப்பு வீண்.

வெள்ளை: பிடபிள்யூஎம்

இபிடபிள்யூஎம்எஸ்எஸ்1, அதனுள் இருக்கும் இஎச்ஆர்பிடபிள்யூஎம்1 ஆகிய இரண்டு நோடுகளின் ஸ்டேட்டஸும் ஓகே ஆக வேண்டும். உள்ளே இருப்பதை மட்டும் மாற்றினால் எதுவும் வராது. பிடபிள்யூஎம் முனையின் பின்கண்ட்ரோலை இஎச்ஆர்பிடபிள்யூஎம்1 நோடிலேயே சேர்த்துவிடலாம். பிறகு தனியாக ஒரு நோடு, கம்பாட்டிபிள் 'பிடபிள்யூஎம்-லெட்ஸ்'. சேய் நோடின் பிடபிள்யூஎம்ஸ் பண்பில் இஎச்ஆர்பிடபிள்யூஎம்1, சேனல் 0, 1000000, 0. 1000000 என்பது நானோ நொடியில் சுற்று நேரம், அதாவது 1 கிலோஹெர்ட்ஸ். இதில் மைக்ரோ நொடி என்று நினைத்து 1000 எழுதினால் 1 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும், நம் ட்ரான்சிஸ்டர் அந்த வேகத்துக்கு ஒழுங்காக அணையாது. மேக்ஸ்-பிரைட்னஸ் 255.

சேனல் ஏவும் பியும் ஒரே கவுண்டரில் ஓடுகின்றன. பி9-16 முனையில் இன்னொரு விளக்கு வைத்து அதற்கு வேறு சுற்று நேரம் கொடுத்தால் ட்ரைவர் மறுத்துவிடும். இரண்டுக்கும் ஒரே நேரம்தான்.

பிரைட்னஸ் 128 எழுதினால் பாதி வெளிச்சம் வராது, கண்ணுக்கு முக்கால்வாசிபோலத் தெரியும். 2.2 என்ற காமா கணக்கில் (கண் வெளிச்சத்தை உணரும் விதத்துக்கான கணக்கு), பார்வைக்குக் கால்வாசிக்கு 12, பாதிக்கு 55, முக்காலுக்கு 135. மூச்சு விடுவதுபோல ஏறி இறங்க பேட்டர்ன் ட்ரிக்கரைத் தேர்ந்தெடுத்து, பேட்டர்ன் கோப்பில் இப்படி எழுதலாம்:

0 400 12 400 55 400 135 400 255 400 135 400 55 400 12 400

ஒவ்வொரு ஜோடியிலும் முதல் எண் வெளிச்சம், இரண்டாவது அடுத்த வெளிச்சத்துக்குப் போக எடுக்கும் மில்லி நொடி. கெர்னல் 50 மில்லி நொடிக்கு ஒரு முறை மதிப்பை மாற்றுவதால் ஒவ்வொரு துண்டிலும் 8 படி. வெறும் '0 1600 255 1600' எழுதினால் தொடக்கத்தில் திடுக்கென ஏறி, பிறகு மாற்றமே தெரியாது. சரிவு வேண்டாம், தாவல்தான் வேண்டும் என்றால் அதே வெளிச்சத்தை 0 மில்லி நொடியோடு இன்னொரு முறை எழுத வேண்டும்: 0 1000 0 0 255 1000 255 0.

பழைய கெர்னல்களில் பிரைட்னஸ் 0 ஆனதும் ட்ரைவர் பிடபிள்யூஎம்மையே நிறுத்திவிடும். நின்ற பிறகு முனை எந்த நிலையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தலைகீழ் இணைப்பில் அணைக்கச் சொன்ன விளக்கு முழு வெளிச்சத்தில் எரிய இது ஒரு காரணம். நம் இணைப்பில் ட்ரான்சிஸ்டர் இருப்பதால் முனை 0 என்றால் விளக்கும் 0, அதனால் ஆக்டிவ்-லோ பண்பு தேவையில்லை.

மூவண்ணம்: பிசிஏ9633

சிப்புக்கு 3.3 வோல்ட், எல்இடியின் பொது ஆனோடுக்கு 5 வோல்ட். சிவப்புக்கு 220 ஓம், மற்ற இரண்டுக்கும் 150 ஓம், ஒவ்வொன்றிலும் சுமார் 13 மில்லி ஆம்பியர். சிப்பின் ஒரு வெளியீடு 25 வரை தாங்கும். 'ஐ2சிடிடெக்ட் -ஒய் -ஆர் 2' ஓட்டினால் ஹெக்ஸ் 62-இல் சிப் தெரிய வேண்டும். கூடவே 70-இலும் ஒன்று தெரியும். அது இன்னொரு சிப் அல்ல, இந்தக் குடும்பத்துச் சிப்புகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அழைக்கும் பொது முகவரி. பவர் வந்ததும் அது இயங்கும் நிலையிலேயே இருக்கும், ஆகவே 70-இல் வேறொரு சாதனம் வைத்திருந்தால் மோதும்.

ஐ2சி2 நோடின் கீழ் கம்பாட்டிபிள் என்எக்ஸ்பி பிசிஏ9633, ரெக் ஹெக்ஸ் 62, சேய் நோடுகளில் ரெக் 0, 1, 2. டோட்டம்-போல் (வெளியீட்டைக் கீழே இழுப்பதோடு மேலேயும் தள்ளும் முறை) பண்பைச் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் அணைந்த நிலையிலும் வெளியீடு 3.3 வோல்ட்டில் நிற்கும், மிச்சமுள்ள 1.7 வோல்ட்டில் சிவப்பு மங்கலாக மினுங்கும். எச்டபிள்யூ-பிளிங்க் பண்பு சிமிட்டலைச் சிப்பிடமே ஒப்படைக்கிறது, ப்ராசசருக்கு வேலை மிச்சம். ஆனால் சிப்பில் சிமிட்டலுக்கு ஒரே ஒரு கடிகாரம்தான். மூன்று நிறத்தையும் மூன்று வேகத்தில் சிமிட்டச் சொன்னால் கடைசியாகக் கேட்டதன் வேகம்தான் எல்லாவற்றுக்கும். ட்ரைவர் பிடித்த பிறகு ஐ2சிடிடெக்ட் 62-க்குப் பதில் யூயூ என்று காட்டுவது நல்ல அறிகுறி.

பேனிக் விளக்கு

சிவப்பு இவ்வளவு நேரமும் அணைந்தே இருந்தது. சோதிக்க, முதலில் 'சின்க்' (எழுத வேண்டிய தரவை கார்டுக்கு அனுப்பும் கட்டளை), பிறகு /ப்ராக்/சிஸ்ஆர்க்யூ-ட்ரிக்கர் கோப்பில் சி என்ற எழுத்தை எழுத வேண்டும். கெர்னல் வேண்டுமென்றே விழும், சிவப்பு வேகமாகச் சிமிட்டத் தொடங்கும். இதற்கு மேஜிக்_சிஸ்ஆர்க்யூ அமைப்பு தேவை. பூட் வரியில் பேனிக்=10 இருந்தால் 10 நொடி சிமிட்டிவிட்டு மறுதொடக்கம் ஆகும். பேனிக்=0 என்றால் பவரை எடுக்கும் வரை சிமிட்டும். பேனிக்=-1 வைத்திருந்தால் உடனே மறுதொடக்கம், விளக்கைக் கண்ணால் பார்க்க வாய்ப்பில்லை.

இந்த வேலைக்கு ஐ2சி சிப்பில் உள்ள சிவப்பைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். முடியாது. ஐ2சி பரிமாற்றம் தூங்கி எழுந்து நடப்பது. விழுந்துவிட்ட கெர்னலில் தூங்கி எழ யாரும் இல்லை. ஐ2சி எக்ஸ்பாண்டர் சிப்பில் இருக்கும் ஜிபிஐஓவுக்கும் இதே நிலைதான். பேனிக் விளக்கு ப்ராசசரின் சொந்த முனையில்தான் இருக்க வேண்டும், லெட்ஸ்_ஜிபிஐஓவும் பேனிக் ட்ரிக்கரும் உள்ளிணைப்பாக இருக்க வேண்டும்.

பூட்லோடர் கட்டத்திலேயே சிவப்பை எரியவிட்டு, கெர்னல் எழுந்த பிறகு பயன்பாட்டு நிரல் அணைக்கும்படி வைத்தால் பூட் பாதியில் நின்றதும் தெரியும். யூ-பூட் என்ற பூட்லோடரில் எல்இடி, எல்இடி_ஜிபிஐஓ, சிஎம்டி_எல்இடி மூன்றையும் சேர்த்தால் 'லெட் லிஸ்ட்' கட்டளை இதே வகை டிவைஸ் ட்ரீ நோடைப் படித்து விளக்குகளைக் காட்டும். அங்கே எரிய வைத்ததை கெர்னல் தொடாமல் இருக்க, சிவப்பின் டிஃபால்ட்-ஸ்டேட் மதிப்பை ஆஃபிலிருந்து கீப் ஆக மாற்ற வேண்டும்.